ஃபோமா, வடிகட்டியா, அச்செடுத்ததா: டர்பன் இசை இரவுகளுக்கு எந்தக் காதடைப்பான்?

போன மாதம் என் அண்ணன் மகள் மூன்று படங்களை அனுப்பியிருந்தாள். ஒன்று, மருந்துக் கடையில் தொங்கும் ஆரஞ்சு நிற ஃபோம் அடைப்பான் பொட்டலம். இரண்டாவது, சின்னப் பெட்டியில் வரும், பார்ப்பதற்குக் கம்மல் போல இருக்கும் இசை அடைப்பான். மூன்றாவது, காதுக்கு அச்செடுத்துச் செய்து தருவதாகச் சொல்லும் விளம்பரம். கீழே ஒரே வரி: "சித்தப்பா, எதை வாங்கட்டும்? சனிக்கிழமை ஃபுளோரிடா ரோடு போகிறோம்." டர்பனில் இரவுக் கேளிக்கைக்குப் பேர்போன தெரு அது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். நான் 24 ஆண்டுகளாகக் கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிப்பவன் என்பது ஒரு காரணம். என் இடது காது இன்னொரு காரணம். மேடையில் என் இடப்பக்கம்தான் எப்போதும் டிரம்ஸ் இருக்கும். இரவில் வீடு அடங்கிய பிறகு அந்தக் காதில் ஒரு சத்தம் கேட்கும். பழைய டெலிவிஷன் பெட்டி ஓடும்போது வருமே, அந்த மெல்லிய கீச்சொலி. ஒன்பது ஆண்டுகளாக அது நிற்கவில்லை. மகள் கேட்ட கேள்விக்கு "எதையாவது வாங்கிக்கொள்" என்று பதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

சத்தம் காதைக் கெடுப்பதில் அளவு பாதி, நேரம் பாதி. வேலையிடங்களுக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபெல், நாளுக்கு 8 மணி நேரம். தென்னாப்பிரிக்கச் சட்டமும் ஊழியரைக் காக்க இந்த 85-ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். 103-க்கு ஏழரை நிமிடம்தான். கிளப்பிலும் பெரிய கச்சேரியிலும் 100-ஐத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்று வெளியிட்ட தரநிலையே 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. அந்தத் தரநிலையை மதிக்கிற அரங்கில்கூட, நான்கு மணி நேரம் வெறுங்காதோடு நிற்பது அதிகம்தான்.

காதுக்குள் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை நரம்புக்கு எடுத்துக்கொடுக்கும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அவ்வளவுதான் இருப்பு. செத்தது மறுபடி முளைப்பதில்லை. கச்சேரி முடிந்து வரும்போது காது அடைத்தாற்போல இருந்து மறுநாள் சரியாகிவிட்டால், "ஒன்றும் ஆகவில்லை" என்று நினைத்துக்கொள்கிறோம். 2009-இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது. கேட்கும் திறன் பழையபடி திரும்பிய பிறகும், செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அற்றுப்போயிருந்தது.

ஆக, நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்: உண்மையில் எத்தனை டெசிபெல் குறைக்கிறது, இசை எப்படிக் கேட்கிறது, மொத்தத்தில் எவ்வளவு செலவு, இரவு முழுக்கக் காதிலேயே இருக்குமா. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

103 டெசிபெல் கிளப்பில் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காதோடு நின்றால் ஒரு நாள் வரம்பைப் போல 32 மடங்கு. ஒருவர் 30 டெசிபெல் குறைக்கும் ஃபோம் போட்டிருக்கிறார். ஆனால் தோழி பேசுவது கேட்கவில்லை என்று இடையிடையே கழற்றியதில் மொத்தம் 15 நிமிடம் போய்விட்டது. அந்தக் கால் மணி நேரம் மட்டுமே அவருக்கு இரண்டு நாள் வரம்பு. இன்னொருவர் 15 டெசிபெல் மட்டுமே குறைக்கும் அடைப்பான் போட்டு, நான்கு மணி நேரமும் கை வைக்கவே இல்லை. அவர் காதுக்குப் போனது 88 டெசிபெல், 4 மணி நேரம். சரியாக ஒரு நாள் வரம்பு. பாதி டெசிபெல் மட்டுமே குறைக்கும் அடைப்பான், பாதிச் சேதத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

## ஃபோம் அடைப்பான்

ஜோடி சில ராண்டுக்குக் கிடைக்கும். எந்த மருந்துக் கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் இருக்கும். பொட்டலத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று காட்டும் எஸ்.என்.ஆர். அல்லது என்.ஆர்.ஆர். அளவு 30-ஐ ஒட்டி எழுதியிருக்கும். அந்த எண் ஆய்வுக்கூடத்தில், சரியாகச் செருகியபோது வந்தது. நடைமுறையில் பாதிதான் கிடைக்கும் என்று கணக்கு வைப்பது நல்லது, ஏனென்றால் பெரும்பாலோர் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

செருகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. குத்துவிளக்குக்குத் திரி உருட்டுவதுபோல, மடிப்பு விழாமல் ஒல்லியாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உடனே உள்ளே விட்டு, விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது மெல்ல விரிந்து சுற்றிலும் அடைப்பதை நீங்களே உணரலாம். உலகம் பின்வாங்கிப் போவதுபோல இருக்கும். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் அடைப்பான் வெளியே துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

குறை என்ன? இசை செத்துவிடுகிறது. ஃபோம் மேல் சுரங்களை அதிகமாகவும் கீழ்ச் சுரங்களைக் குறைவாகவும் குறைக்கிறது. பாட்டுக்காரர் கம்பளிப் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோலக் கேட்கும். வயலினும் தாளத்தட்டும் மங்கி, வெறும் உறுமல் மிஞ்சும். அதனால்தான் பாதி இரவில் கழற்றிவிடத் தோன்றுகிறது. மேலே போட்ட கணக்கு இங்கேதான் கடிக்கும்.

மறைமுகச் செலவும் உண்டு. இது ஒரு முறை, அதிகம் போனால் சில முறை போடுவதற்கானது. அழுக்குக் கையால் உருட்டி மறுபடி மறுபடி செருகினால் காதில் தொற்று வரும். குறும்பி அதிகம் சேரும் காது என்றால் அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்திவிடும்.

இருந்தும், சில இடங்களில் இதுதான் சரி. ஸ்பீக்கருக்கு எதிரிலேயே நின்று வேலை செய்ய வேண்டியவர்கள், பாரில் பானம் ஊற்றுகிறவர்கள், மேடை அமைப்பவர்கள், காவலர்கள் ஆகியோருக்கு இசை எப்படிக் கேட்கிறது என்பது பொருட்டல்ல, குறைப்புதான் வேண்டும். எதிர்பாராமல் சத்தமான இடத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் இதுவே போதும். என் கார் டாஷ்போர்டில் எப்போதும் ஆறு ஜோடி கிடக்கும், யாருக்காவது கொடுக்க.

## வடிகட்டி வைத்த இசை அடைப்பான்

மென்மையான சிலிக்கோன் முனை, நடுவில் சிறிய வடிகட்டி. சத்தத்தை எல்லாச் சுரங்களிலும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதுதான் நோக்கம், வானொலியின் ஒலிக் குமிழைக் கீழே திருப்பியதுபோல. திறந்த காதுத் துளை 2,700 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயற்கையாகவே தூக்கிக் கொடுக்கும்; எந்த அடைப்பான் போட்டாலும் அந்தத் தூக்கல் போய்விடும். வடிகட்டி அதை ஈடுசெய்யும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அமெரிக்காவின் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் இசைக்கலைஞர்களுக்காகக் கொண்டுவந்த யோசனை இது. இன்று லூப், ஆல்பைன் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. விலை சில நூறு ராண்டு.

எங்கள் ஊர் இசைக்கு இது ஏன் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். க்கோம் என்ற நடன இசை டர்பனைச் சுற்றியுள்ள டவுன்ஷிப்புகளில் பிறந்தது. அதன் உயிர் அடித்தளத்து பாஸில் இருக்கிறது. "அடைப்பான் போட்டால் அந்த அதிர்வு போய்விடுமே" என்று பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். போகாது. தாழ்ந்த ஒலி காது வழியாக மட்டும் வருவதில்லை. தரை வழியாகக் காலிலும், காற்று வழியாக நெஞ்சிலும் ஏறுகிறது. அடைப்பானை அது சட்டை செய்வதில்லை. அதற்கு மேலே காதைக் கிழிக்கும் தாளத்தட்டும் மைக்கின் கிறீச்சும்தான் தணியும். சொல்லப்போனால், பேச்சும் பாட்டு வரிகளும் முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும், ஏனென்றால் அளவுக்கு மீறிய சத்தத்தில் காதே கலங்கிப்போய்விடுகிறது.

இதன் பலவீனம் அளவு. பல மாதிரிகள் உண்மையில் 12 முதல் 20 டெசிபெல்தான் குறைக்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் போதாது. பெட்டியில் "இசைக்கு உகந்தது" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்; ஐரோப்பியத் தரமான இ.என். 352 என்ற குறியும் ஓர் எஸ்.என்.ஆர். எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் இணையத்தில் மலிவாக விற்பவை எதைக் குறைக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. பெட்டியோடு வரும் இரண்டு மூன்று அளவு முனைகளையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு வேறொன்று பொருந்துவது சாதாரணம். காதுத் துளை குறுகலாக இருக்கும் பெண்கள் பலருக்கு நடு அளவு வலிக்கும், சின்னதுதான் சேரும். வெளியே போகும் இரவுக்கு முன், வீட்டில் ஒரு மணி நேரமாவது போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு, தொலைப்பது. ஒரு வருடத்தில் ஒன்று தொலையாத ஆளை நான் பார்த்ததில்லை. சாவிக்கொத்தில் மாட்டும் பெட்டியோடு வருவதையே வாங்குங்கள்.

## காதுக்கு அச்செடுத்துச் செய்வது

இது ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணரின் வேலை. முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். குறும்பி இருந்தால் எடுத்த பிறகுதான் அடுத்தது. பிறகு நூல் கட்டிய ஒரு சிறு பஞ்சை, செவிப்பறைக்குக் காவலாக ஆழத்தில் வைப்பார். அதன்மேல் குளிர்ந்த சிலிக்கோன் மாவு காதை நிரப்பும்போது மனது கொஞ்சம் திடுக்கிடும், கடலில் முங்கியதுபோல எல்லாம் அமைதியாகிவிடும். சில நிமிடங்களில் அது இறுகி, உங்கள் காதின் வளைவு அப்படியே அவர் கைக்கு வரும். பாடுகிறவர்களும் ஊதுகிறவர்களும் "வாயைத் திறந்து வைத்தும் அச்செடுங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமே மாறும்; மூடிய வாயோடு எடுத்த அச்சு பாடும்போது கசியும்.

இதில் 9, 15, 25 டெசிபெல் என்று மாற்றிப் போடும் வடிகட்டிகள் உண்டு. குறைப்பு எல்லாச் சுரங்களிலும் சமமாக இருப்பதில் இதற்கு இணை இல்லை. நான் 15 போடுகிறேன். டிரம்ஸ் பக்கத்தில் 25. ஆறு மணி நேரம் போட்டாலும் காதில் இருப்பதே மறந்துபோகும்.

விலை ஆயிரக்கணக்கான ராண்டு. ஆடியாலஜிஸ்டின் கட்டணம் தனி. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் ஜோடிக்குத் தொலைபேசியில் "கிடைக்கும்" என்று சொன்னார்கள், பிறகு ஒரு காசு வரவில்லை. இன்னொன்றும் சொல்வதில்லை: காதின் வடிவம் மாறுகிறது. உடல் எடை நன்றாகக் கூடினாலோ குறைந்தாலோ, அல்லது நான்கைந்து ஆண்டுகள் கழிந்தாலோ, பொருத்தம் தளரும். மறுபடி அச்சு, மறுபடி செலவு. வளரும் பிள்ளைகளுக்கு அதனாலேயே இது வேண்டாம்.

பாடுகிறவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு சங்கடம் இருக்கும். சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கும். ஆழமாக உட்காரும்படி செய்தால் அது குறையும். இரண்டு வாரம் பயிற்சியில் போட்டுப் பழகாமல் நேராக மேடைக்குப் போனால் கழற்றிவிடத்தான் தோன்றும்.

வாரம் ஒரு முறைக்கு மேல் சத்தத்தில் நிற்கிறவர்களுக்கு இந்தச் செலவு நியாயம். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள், டி.ஜே.க்கள், கோயில்களில் தவிலும் உறுமியும் அடிக்கிறவர்கள் இதில் அடக்கம். மேளக்காரர்கள் இதைப் பற்றி நினைப்பதே இல்லை என்பது என் மனத்தாங்கல். கிளப்பில் ஒலிப்பதுபோல் கோயில் மேளமும் சத்தமே; பக்தி என்பதால் காது விட்டுவைக்கப்படுவதில்லை.

## குழந்தைகளுக்கு: காதுக்கவசம்

இங்கே ஒப்பீடே தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் காதில் அடைப்பான் நிற்காது. பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். தலைக்கு மேல் பட்டி வைத்து இரு காதையும் மூடும் குழந்தைக் கவசம்தான் வழி. தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காது, ஒலிபெருக்கி வண்டியின் உயரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது. எங்கள் ஊரின் பிப்ரவரிக் கோடை வெயிலில் கவசத்துக்குள் வியர்க்கும் என்பது உண்மை. அரை மணிக்கு ஒரு முறை கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுபோய்க் கழற்றித் துடைத்துவிடுங்கள்.

## ஒன்றும் போடாமல் தள்ளி நிற்பது

காசில்லாத வழி. திறந்தவெளியில் நன்றாகவே பலிக்கும். ஸ்பீக்கரிலிருந்து இருக்கும் தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். மைதானக் கச்சேரியில் முன்வரிசையை விட்டுக்கொடுப்பதே பெரிய பாதுகாப்பு. ஆனால் மண்டபத்துக்குள் இந்தக் கணக்கு செல்லாது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் தகரக் கூரையும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எங்கே நின்றாலும் ஒன்றுதான்.

கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டிகளையும் தாத்தாக்களையும் மரியாதைக்காக மேடைக்குப் பக்கத்து முதல் மேஜையில் உட்காரவைக்கிறீர்கள். அது ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிர். ஏற்கெனவே காது மங்கியவர்களுக்கு மிச்சமிருப்பதையும் நாம்தான் எடுத்துவிடுகிறோம். நடு மண்டபத்தில் உட்காரவையுங்கள்.

இடைவேளையும் இந்த வழியில் சேரும். மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் வெளியே போய் வருவது காதுக்கு ஓய்வு. ஆனால் உள்ளே 103 இருக்கும்போது இடைவேளை மட்டும் காப்பாற்றாது.

பஞ்சும் டிஷ்யூ காகிதமும் சில டெசிபெல்தான் குறைக்கும். போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் இன்னும் முன்னால் போய் நிற்க வைப்பதால் அவை ஆபத்து. சத்தம் தணிக்கும் புளூடூத் இயர்பட்டுகளில் பெரும்பாலானவை செவிப் பாதுகாப்புக்கென்று சோதித்துச் சான்று பெற்றவை அல்ல. பேட்டரியும் நடு இரவில் தீரும்.

## ஒரே பார்வையில்

| | கிடைக்கும் குறைப்பு | இசைத் தெளிவு | செலவு | கழற்றத் தோன்றுமா |
|---|---|---|---|---|
| ஃபோம் | சரியாகச் செருகினால் மிக அதிகம் | மங்கல் | சில ராண்டு, அடிக்கடி | அடிக்கடி |
| வடிகட்டி | நடுத்தரம் | நன்று | சில நூறு ராண்டு | அரிது |
| அச்செடுத்தது | வடிகட்டியைப் பொறுத்து 9 முதல் 25 | மிக நன்று | ஆயிரக்கணக்கில், சில ஆண்டுக்கு ஒரு முறை | இல்லை |
| காதுக்கவசம் | அதிகம் | மங்கல் | சில நூறு ராண்டு | வெயிலில் ஆம் |
| தள்ளி நிற்பது | வெளியில் நன்று, உள்ளே குறைவு | முழுமை | இல்லை | பொருந்தாது |

அடைப்பானே பயன் தராது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சான்று. ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவில் 51 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அடைப்பான் கொடுத்து, நாலரை மணி நேரம் சுமார் 100 டெசிபெலில் நிற்கவைத்தார்கள். 2016-இல் வெளியான முடிவு இது: போடாதவர்களின் காதுகளில் 42 சதவீதத்தில் கேட்கும் திறன் தற்காலிகமாக இறங்கியிருந்தது, போட்டவர்களுக்கு 8 சதவீதம். காதிரைச்சல் போடாதவர்களில் 40 சதவீதம், போட்டவர்களில் 12 சதவீதம்.

## யார் எதை எடுப்பது

மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை கிளப்புக்கோ கச்சேரிக்கோ போகிறவர்கள் வடிகட்டி அடைப்பானை வாங்குங்கள், கைப்பையில் ஒரு ஜோடி ஃபோமும் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் எதிரில் இருப்பவர் கத்தியும் கேட்கவில்லை என்றால் ஃபோமுக்கு மாறுங்கள். கையில் காசு குறைவு என்றால் ஃபோம் போதும், செருகும் முறையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மேடையில் நிற்கிறவர்கள் முதல் சம்பளத்திலிருந்தே அச்சுக்கு ஒதுக்குங்கள். ஏற்கெனவே காதில் இரைச்சல் இருப்பவர்கள் எதையும் வாங்குவதற்கு முன் ஆடியாலஜிஸ்டைப் பாருங்கள். சத்தத்துக்குப் பிறகு ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். அதற்கான சிகிச்சை தொடக்க நாட்களில்தான் பலிக்கும்.

எதை வாங்கினாலும் கதவுக்கு வெளியே, சத்தத்துக்குள் நுழையும் முன் போட்டுக்கொள்ளுங்கள். பேச வேண்டுமென்றால் அடைப்பானைக் கழற்றாதீர்கள். ஆளை வெளியே கூட்டிப்போங்கள், அல்லது காதுக்கு அருகில் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். வடிகட்டி வழியாக அது கேட்கும்.

மகள் இரண்டாவது படத்தில் இருந்ததைத்தான் வாங்கினாள். ஞாயிறு காலை அழைத்தபோது குரல் தெளிவாக இருந்தது. வழக்கமாக மறுநாள் அவள் கத்திப் பேசுவாள், தனக்கே கேட்காததால்.

"எத்தனை தடவை கழற்றினாய்?" என்று கேட்டேன்.

"ஒரே தடவை, சித்தப்பா. கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகு."